மாவுக்கு 3 மூட்டை குத்தகை, எழுத்து கிடையாது: நீடாமங்கலம் பக்கம் 4 ஏக்கர் எடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே 12 மா நஞ்சை, அதாவது 4 ஏக்கர், குத்தகைக்கு வருகிறது. ஆற்றுப்பாசனம் மட்டும்தான், போர்வெல் கிடையாது. ஒரு போகம் சம்பா, தை அறுவடைக்குப் பிறகு ஈரப்பதம் இருந்தால் தரிசு உளுந்து. நிலக்காரர் சென்னையில் இருக்கிறார். அவர் கேட்பது இவ்வளவு:

மாவுக்கு 3 மூட்டை, விளைந்தாலும் விளையாவிட்டாலும். எழுத்து எதுவும் வேண்டாம், வாய்ப்பேச்சு போதும். யார் பயிர் வைத்தார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலில் அவர் பெயரே இருக்க வேண்டும். வருடா வருடம் பேசிக்கொள்ளலாம்.

ரகம் சிஆர் 1009 போடுவதாக உத்தேசம். அந்த வயலில் சாதாரண வருடத்தில் மாவுக்கு 9 மூட்டை காணும், நல்ல வருடத்தில் 12 என்கிறார்கள். நவம்பர் மழையில் தண்ணீர் நின்று கெட்ட வருடங்களும் உண்டு.

கேள்வி மூன்று. 3 மூட்டை கட்டுப்படியாகுமா? குத்தகைக்குப் பதில் வாரம், அதாவது விளைந்ததில் பங்கு, பேசினால் எது மேல்? எழுத்து இல்லாமல் எடுத்தால் நான் எதையெல்லாம் இழப்பேன்?

---

கணக்குப்பிள்ளை பதில்:

முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சட்ட விஷயத்தை மற்றவர்கள் எழுதட்டும்.

ஒரு ஏக்கருக்கு வைத்துப் பார்ப்போம். 3 மா ஒரு ஏக்கர் என்பதால் குத்தகை ஏக்கருக்கு 9 மூட்டை. 60 கிலோ மூட்டை என்றால் 540 கிலோ. சிஆர் 1009 சாதாரண ரகத்தில் வரும். 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆகக் குத்தகை மட்டும் 13,500.

செலவு இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுழவு 4,000. விதையும் நாற்றங்காலும் 2,000. நடவு 6,000. உரம் 4,500. களை 2,500. மருந்து 1,500. அறுவடை இயந்திரம் 3,000. சாக்கு, ஏற்றுக்கூலி, வண்டி 1,500. மொத்தம் 25,000. இது மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் கூலியைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்கு இதில் ஒரு ரூபாயும் வைக்கவில்லை.

சாதாரண வருடம், மாவுக்கு 9. ஏக்கருக்கு 27 மூட்டை, 16.2 குவிண்டால், 40,500 ரூபாய். செலவு 25,000, குத்தகை 13,500 போக மிச்சம் 2,000.

நல்ல வருடம், மாவுக்கு 12. ஏக்கருக்கு 36 மூட்டை, 54,000 ரூபாய். மூட்டை கூடுவதால் செலவும் 26,000 ஆகும். மிச்சம் 14,500.

கெட்ட வருடம், மாவுக்கு 5. ஏக்கருக்கு 15 மூட்டை, 22,500 ரூபாய். செலவு பெரிதாகக் குறையாது, 24,000 என்று வையுங்கள். சாய்ந்த பயிர் என்றால் பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் கூடுதல் மணி நேரம் ஓட வேண்டியிருக்கும், அதனால் இந்த 24,000-மே குறைவான மதிப்புதான். குத்தகை அதே 13,500. கைநட்டம் 15,000.

2,000-ஐயும் 15,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கெட்ட வருடத்தின் நட்டத்தை அடைக்க ஏழரைச் சாதாரண வருடம் வேண்டும். பருவத்துக்குப் பருவம் வெள்ளம் பார்க்கிற ஆற்றுப்பாசன வயலில் இந்தக் கணக்கு நிற்காது.

இப்போது வாரம். நியாயவாரச் சட்டம் 1956-இல் வந்தது, 1980-இல் திருத்தினார்கள். திருத்தத்துக்குப் பிறகு நிலக்காரருக்கு மகசூலில் 25 சதவீதம், சாகுபடி செய்பவருக்கு 75. சாகுபடிச் செலவு முழுதும் உங்களுடையது. அதே மூன்று வருடத்தையும் கால் பங்கில் போட்டால், சாதாரண வருடத்தில் நிலக்காரருக்கு 10,125, உங்களுக்கு மிச்சம் 5,375. கெட்ட வருடத்தில் அவருக்கு 5,625, உங்கள் நட்டம் 7,125. நல்ல வருடத்தில் அவருக்கு 13,500, உங்களுக்கு 14,500.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? 36 மூட்டை கண்டால்தான் 9 மூட்டை கால் பங்கு ஆகிறது. உங்கள் நிலக்காரர் நல்ல வருடத்து மகசூலை வைத்துக் குத்தகை பேசியிருக்கிறார். சாதாரண வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. கெட்ட வருடத்தில் ஐந்தில் மூன்று பங்கு.

விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒரே அளவு தரும் கட்டுக்குத்தகையில் வெள்ளத்தின் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். அந்தப் பொறுப்பை நீங்கள் சுமப்பதால் அவருக்குத் தருவது குறைய வேண்டும், கூடக் கூடாது. என் கணக்கில் கட்டுக்குத்தகையாகவே பேசுவதென்றால் மாவுக்கு 2 மூட்டைக்கு மேல் இந்த வயலுக்குத் தரக்கூடாது.

---

தாளடி பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், பலர் இதில்தான் சண்டையில் முடிகிறார்கள்.

"மூட்டை" என்று பேசாதீர்கள், கிலோவில் பேசுங்கள். குத்தகைக்கு 60 கிலோ மூட்டை என்பார்கள், அளக்கும்போது ஈர நெல் என்று சொல்லி 62, 65 கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. மூன்றும் ஒரே பேச்சில் கலந்தால் யாருக்கும் கணக்கு புரியாது. "தூற்றிய நெல், 17 சதவீத ஈரப்பதம், மாவுக்கு இத்தனை கிலோ" என்று முடியுங்கள். கொள்முதல் நிலையமும் 17-ஐத்தான் பார்க்கிறது.

பணமாகக் கொடுப்பதென்றால் எந்த விலை என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். களத்தில் வியாபாரி கேட்கும் விலைக்கு நீங்கள் விற்றுவிட்டு, நிலக்காரருக்குக் கொள்முதல் நிலைய விலைக்குக் கணக்குத் தீர்த்தால், குவிண்டாலுக்கு 300, 400 கைநட்டம் எளிதாக வரும்.

வைக்கோல் யாருக்கு, உளுந்துக்குத் தனிக் குத்தகை உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே காட்டிய கணக்கில் சாதாரண வருடத்து மிச்சமே ஏக்கருக்கு 2,000 என்றால், உளுந்துதான் உங்கள் வருமானம். அதை விட்டுக்கொடுத்தால் எடுக்கவே வேண்டாம்.

---

வரப்போரம் பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எழுத்து இல்லை, அடங்கலில் அவர் பெயர். இந்த இரண்டில் உங்களை உடனே கடிப்பது இரண்டாவது.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பசலியில், யார், என்ன பயிர் வைத்தார் என்பதை விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், எழுதும் கணக்கு. பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டு, ஜூலை 1-இல் பிறக்கிறது. நீங்கள் சாகுபடி செய்தீர்கள் என்பதற்கு அரசாங்கத்திடம் இருக்கும் அன்றாடச் சாட்சி இதுதான். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் பின்வருவன கைநழுவும்.

பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதியே சொல்கிறது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஏக்கருக்கு 37,000 என்று வைத்தால் 555 ரூபாய். ஆனால் பதியும்போது அடங்கல் கேட்பார்கள். வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், கூட்டம் அலைமோதும். பெயர் தகராறு இருந்தால் அந்த வாரத்தில் தீராது. நிலக்காரர் பெயரில் பதிந்தால் இழப்பீடு அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். இன்னொன்று: காப்பீட்டில் இழப்பு பெரும்பாலும் உங்கள் வயலை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய் கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுக்கிறார்கள். உங்கள் வயலில் மட்டும் தண்ணீர் நின்று மற்ற வயல் தப்பித்தால் இழப்பீடு வரும் என்று நம்பியிருக்க முடியாது. காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் 3 மூட்டைக்குத் தலையாட்ட வேண்டாம்.

வெள்ள நிவாரணம். 2022-23 முதல் 2025-26 வரைக்குமான பேரிடர் நிதி விதிப்படி, பாசனப் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 17,000. ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880. கணக்கெடுப்பு அடங்கலை வைத்துத்தான். விதையும் உரமும் உங்களுடையது, பணம் சென்னைக்குப் போகும்.

கொள்முதல் நிலையம். பட்டா எண், சர்வே எண், அடங்கல் வைத்துத்தான் பதிவு. குத்தகைதாரர் தன் பெயரில் போட விஏஓ சான்று வேண்டும். அது இல்லாமல் நிலக்காரர் பெயரில் போட்டால் 4 ஏக்கர் நெல்லின் முழுத் தொகையும் அவர் கணக்கில் விழும். அவர் தன் குத்தகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். டிராக்டர்காரரும் உரக்கடைக்காரரும் காத்திருக்க மாட்டார்கள்.

கூட்டுறவுக் கடன். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லாத பயிர்க்கடன் சங்கத்தில் கிடைக்கிறது. அதற்கும் இதே அடங்கல். அது கிடைக்காதவர்கள் செலவுக்கு வெளியில் வாங்குகிறார்கள். 25,000-க்கு மாதம் 2 வட்டி, 6 மாதம் என்றால் 3,000. கணக்குப்பிள்ளை காட்டிய சாதாரண வருடத்து 2,000 மிச்சத்தை இது ஒன்றே விழுங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் அடங்கலில் பெயர் இல்லாத குத்தகையின் உண்மையான விலை மாவுக்கு 3 மூட்டை அல்ல, நான்குக்குப் பக்கம்.

சட்டம் என்று பார்த்தால், 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எழுத்து கட்டாயமில்லை. வாய்ப்பேச்சும் குத்தகைதான். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்பவரையும் சாகுபடிக் குத்தகைதாரர் என்றே அது சொல்கிறது. நீங்களோ குடும்பத்தாரோ உடலுழைப்பு போட வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆளை வைத்து முழுக்கச் செய்துவிட்டு மேற்பார்வை பார்ப்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது. குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுப்பது, விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது, நிலக்காரரின் உரிமையையே மறுப்பது என்று சில காரணங்களுக்காக மட்டும், அதுவும் வருவாய் நீதிமன்றத்துக்கு மனுச் செய்துதான் வெளியேற்ற முடியும். தஞ்சாவூர், மன்னார்குடி, திருச்சியில் அந்த நீதிமன்றங்கள் இருக்கின்றன.

அதனால் எந்த வருடமும் குத்தகை பாக்கி வைக்காதீர்கள். நிலக்காரர் வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டிவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. நெல்லாகக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தராதவருக்கு வங்கி வழியாகப் பணமாகவே அனுப்புங்கள், குறிப்பில் பசலியையும் சர்வே எண்ணையும் எழுதுங்கள்.

---

ஊர்ப்புறத்தான் பதில்:

வரப்போரம் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் நிலக்காரர் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் நண்பர் பேச்சைத் தவறான இடத்தில் தொடங்குவார்.

ஏக்கர் 12 லட்சம் போகிற நிலம் என்று வையுங்கள். 13,500 குத்தகை வந்தால் போட்ட முதலுக்கு வருடம் 1.1 சதவீதம். அதே பணத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டால் 78,000 வரும். அப்படியும் ஏன் வைத்திருக்கிறார்? நிலத்தின் விலை ஏறும் என்பதற்காகவும், அப்பன் பாட்டன் நிலம் என்பதற்காகவும். குத்தகை வருமானம் அவருக்கு இரண்டாம் பட்சம். விற்க நினைக்கும் அன்று நிலம் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் கவலை.

1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் மனுச் செய்து ஒருவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்த நிலத்தை வாங்க வருபவர் பாதி வழியில் திரும்பிவிடுவார். விற்றாலும் குத்தகை போகாது, வாங்கியவர் தலையில் தொடரும். குத்தகைதாரர் காலமானால் உழைக்கிற வாரிசுக்கும் அந்த உரிமை போகும். எனவே 13,500-க்காக 12 லட்சத்தை யாரும் பணயம் வைக்க மாட்டார்கள். அடங்கலில் பெயர் வேண்டாம் என்பதும், வருடா வருடம் ஆளை மாற்றுவதும், வயலை மாற்றிக் கொடுப்பதும் இந்தப் பயத்தால்தான். நிலத்துக்கும் அது கேடு. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ மாட்டார், வரப்பைப் பலப்படுத்த மாட்டார், மேடு பள்ளம் சமன் செய்ய மாட்டார். நண்பரின் வயலில் தண்ணீர் நிற்பதற்கு வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடப்பதும் காரணமா என்று போய்ப் பார்க்கச் சொல்வேன். பல குத்தகை வயல்களில் கதை அதுதான்.

"11 மாதப் பத்திரம் போட்டால் சட்டம் ஒட்டாது" என்று சிலர் சொல்வார்கள். அது வீட்டு வாடகைப் பழக்கம். மேலே சொன்னபடி காலம் முடிந்த பிறகும் தொடர்பவரைச் சட்டம் குத்தகைதாரராகவே பார்க்கிறது. நிலக்காரருக்கு அந்தப் பத்திரம் தரும் நிம்மதி பொய் நிம்மதி.

ஆந்திராவில் 2019-இல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 11 மாத ஒப்பந்தம், சாகுபடியாளர் அட்டை, அதை வைத்துக் கடனும் காப்பீடும் வாங்கலாம், நில உரிமைக்குப் பங்கம் வராது என்று எழுதியே வைத்தார்கள். அங்கும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால், கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் நிறைய. 2016-இல் நிதி ஆயோக் மாதிரிக் குத்தகைச் சட்டமும் இதே நோக்கத்தில் வந்தது. நம் ஊரில் பழைய சட்டம்தான். அது உழுபவரைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகக் குத்தகைக்கு வருகிறவருக்கு அதுவே கதவைச் சாத்துகிறது.

இதிலிருந்து நண்பருக்கு ஒரு வழி. மாவுக்கு 3 என்பதைக் கால் பங்காக்கச் சொன்னால் அவருக்கு ஏக்கருக்குக் குறைவது 3,375. நிலத்தின் விலையில் அது அரை சதவீதம்கூட இல்லை. கேட்டால் கிடைக்கும். பத்திரத்தைக் கேட்டால் எழுந்துபோய்விடுவார். எதை முதலில் கேட்பது என்று நீங்களே பாருங்கள்.

---

வரப்போரம் பதில்:

ஊர்ப்புறத்தான் அண்ணே, பயம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடங்கலும் குத்தகைப் பதிவேடும் ஒன்றல்ல என்பதை நிலக்காரருக்கு எடுத்துச் சொல்ல முடியும். அடங்கல் வருடக் கணக்கு. குத்தகை உரிமைப் பதிவுக்குத் தனி மனு, நிலக்காரருக்கு அறிவிப்பு, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. விசாரணையில் அடங்கல் ஒரு சாட்சியாக நிற்கும் என்பது உண்மைதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. மறைத்துப் பெயர் ஏற்றினால் அடுத்த வருடமே நம்பிக்கை போய்விடும்.

குத்தகையைக் குறைத்து வாங்கிக்கொண்டு அடங்கலை விட்டுக்கொடு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளம் வந்த வருடத்தில் நிவாரணமும் காப்பீடும் சேர்ந்து ஏக்கருக்கு வருவது, ஐந்தாறு வருடம் மிச்சம் பிடித்த 3,375-க்குச் சமமாகிவிடும்.

---

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வாரத்துக்கு அவர் ஒப்பவில்லை, களத்துக்கு வந்து நிற்க ஆள் இல்லை, எத்தனை விளைந்தது என்று எனக்கெப்படித் தெரியும் என்கிறார். அதற்கு என்ன செய்வது? இரண்டாவது, ஏக்கருக்கு 1.5 லட்சம் கொடுத்தால் ஒத்திக்கே தருகிறேன் என்கிறார். அது மேலா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

முதலாவது நியாயமான கேள்வி. தூரத்தில் இருப்பவர் கட்டுக்குத்தகை கேட்பதே அளவு பார்க்க ஆள் இல்லாததால்தான். இரண்டையும் கலந்து பேசலாம். அடிப்படைக் குத்தகை மாவுக்கு 135 கிலோ, அதாவது இரண்டேகால் மூட்டை. ஏக்கருக்கு 27 மூட்டை காணும் வருடத்தில் இதுவே கால் பங்கு. அந்த வருவாய் கிராமத்தை அரசு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்தால் மட்டும், அந்தப் போகத்துக்கு விளைந்ததில் கால் பங்கு. விளைந்தது எவ்வளவு என்பதற்கு அறுவடை இயந்திரக்காரரின் மணிக் கணக்கும், கொள்முதல் நிலைய ரசீதின் சிப்ப எண்ணிக்கையும் சாட்சி. அவர் சென்னையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். நிவாரணமும் இழப்பீடும் யார் கணக்கில் விழுந்தாலும் செலவு போட்டவருக்கே என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஒத்திக்குக் கணக்கு எளிது. 1.5 லட்சத்தைப் பூட்டிவைத்து, அதற்குப் பதில் குத்தகை கொடுக்காமல் உழுகிறீர்கள். மிச்சமாவது 13,500 அல்ல, நியாயமான குத்தகையான 10,125. வருடத்துக்கு 6.75 சதவீத வட்டி மாதிரி. உங்கள் கையில் சும்மா இருக்கும் பணம் என்றால் பாதகமில்லை. நகையை வைத்துப் புரட்டுவதென்றால் அந்த வட்டியே இதைத் தாண்டும், தொடாதீர்கள். 4 ஏக்கருக்கு 6 லட்சத்தைப் பூட்டிவிட்டுப் பயிர்ச்செலவு ஒரு லட்சத்துக்கு எங்கே போவீர்கள் என்பதையும் பாருங்கள்.

---

தாளடி பதில்:

ஒத்தி என்றால் கட்டாயம் பதிவுப் பத்திரம். வெறும் தாளில் எழுதி வாங்கிய ஒத்தி நீதிமன்றத்தில் ஒத்தியாக நிற்காது. பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டு, பட்டாவில் இவர் ஒருவர் பெயர்தானா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். குத்தகைக்கும் இதைப் பார்ப்பது நல்லது. நாற்று விட்ட பிறகு தம்பி வந்து மறித்தால் பருவம் போய்விடும். மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் தாமதமானாலும், சிஆர் 1009 மாதிரி நீண்ட வயது ரகத்துக்கு ஆகஸ்டுக்குள் விதைப்பு முடிய வேண்டும். பேச்சை ஜூலைக்குள் முடியுங்கள். பசலியும் அப்போதுதான் பிறக்கிறது, அடங்கலுக்கு விஏஓவிடம் சொல்ல அதுவே நேரம்.